மார்கழியில் முரண்டு பிடித்த ரிவால்வர்

எழுபது வயதான உரிமதாரர் தன் துப்பாக்கியைச் சட்டப்படியான வாரிசுக்கு மாற்றித்தர 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் இடம் இருக்கிறது. அப்பாவின் .32 ரிவால்வர் என் உரிமத்துக்கு வந்தது அந்த வழியில்தான். விண்ணப்பம், காவல்துறை விசாரணை, ஆட்சியர் அலுவலகம் என்று அலைந்ததை விட்டுவிடுகிறேன். அது யாருக்கும் புதிதல்ல. கைக்கு வந்த பொருள் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பதுதான் விஷயம்.

திருவையாறு பக்கம் எங்கள் ஊர். அறுவடைப் பணம் ரொக்கமாக வீட்டில் தங்கிய காலத்தில் அப்பா வாங்கியது. நடுவில் மடித்துத் திறக்கும், வெப்லி என்ற பிரிட்டிஷ் ரிவால்வரின் பாணி, ஆறு தோட்டா கொள்ளும். வாங்கிய பிறகு அது பெரும்பாலும் பயணம் செய்தது தேர்தலுக்காகத்தான். 2024 மக்களவைத் தேர்தலுக்கும் மார்ச்சில் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ஜூன் 4 வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு வாங்கி வந்தோம்.

குறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. விசையை இழுத்து விரலைத் தளர்த்தினால் அது உடனே முன்னால் வராமல் மெல்ல நகர்ந்து வந்தது. தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டர் ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் கனத்தது. பயிற்சித்தளத்தில், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுட்டால் எல்லாம் வெடித்தது. விசையை மட்டும் நீளமாக இழுத்துச் சுட்டால் அவ்வப்போது ‘டக்’ என்று நின்றது. அப்படி நின்றால் அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. தாமதித்து வெடிக்கும் வாய்ப்பு உண்டு. குழலை இலக்கை நோக்கியே அரை நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும். வழக்கமான சத்தம் இல்லாமல் ‘புஸ்’ என்று கேட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும். ஈயக் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டா குழலைப் பிளந்துவிடும்.

வெடிக்காத தோட்டாக்களின் பின்புறத்தைப் பார்த்தேன். அடிபட்டதும் தீப்பற்றும் கேப்பின் மேல் சுத்தியின் ஊசி பதிந்த குழி நடுமையத்தில்தான் இருந்தது, ஆனால் நகம் பட்ட தடம் போல மேலோட்டமாக. இந்த ஒரு அடையாளம் பாதி வேலையைக் குறைத்தது. குழி ஓரத்தில் விழுந்திருந்தால் சிலிண்டர் குழலுக்கு நேராக வந்து நிற்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அது ஆபத்தான குறை. மையத்தில் விழுந்து ஆழம் மட்டும் குறைந்தால் அடியில் வேகம் போதவில்லை. விசையால் மட்டும் சுடும்போது சுத்தி பெரும்பாலும் முழுத் தொலைவு பின்னுக்குப் போவதில்லை, ஆகவே வேகக் குறைவு அங்கேதான் முதலில் தெரியும். ‘ஸ்பிரிங் செத்துவிட்டது, மாற்றிவிடு’ என்றார்கள் கேட்டவர்கள் எல்லோரும்.

எனக்கு அது ஒப்பவில்லை. ஸ்பிரிங் செத்திருந்தால் காலையிலும் மதியமும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? இது விடியற்காலையில் சண்டித்தனம் செய்தது, வெயில் ஏறியதும் ஓரளவு பணிந்தது. அதுவும் மார்கழியில்தான் மோசம். அப்பாவிடம் என்ன எண்ணெய் போட்டீர்கள் என்று கேட்டேன். ‘தேங்காய் எண்ணெய்தான், வேறென்ன?’ என்றார். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் புட்டியை வெயிலில் வைத்த பிறகுதான் தலைக்கே தேய்க்க முடிகிற ஊர் இது. உறையாத நாளிலும் ஆண்டுக்கணக்கில் காற்றுப்பட்டுத் தூசி சேர்ந்தால் அது பிசினாகிவிடும்.

சிலிண்டர் கனப்பதைத் தனியாகப் பார்த்தேன். துப்பாக்கி காலி என்று இருமுறை உறுதி செய்துகொண்டு, சிலிண்டரில் தோட்டா நுழையும் ஆறு அறைகளுக்கும் மார்க்கரால் எண் போட்டுச் சுழற்றினேன். சிக்கியது எப்போதும் ஒரே அறையில். டீசல் எஞ்சினுக்கு டாப்பெட் வைக்கும்போது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே விட்டால் 0.15 மில்லிமீட்டர் தகடு எல்லா அறைக்கும் சீராக நுழைந்தது. முன்பக்கம் குற்றமில்லை. பின்னால், காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டைத் தூக்கிப் பார்த்தால் அதன் ஒரு காலுக்கு அடியில் கரியும் பிசினும் சேர்ந்து செதிளாக ஒட்டியிருந்தது. பழைய பல்துலக்கியும் மண்ணெண்ணெயும் போதுமானதாக இருந்தன. துடைத்து உலர்த்தியதும் ஆறு அறைகளும் ஒன்றுபோல் சுழன்றன.

உள்ளே சுத்தியும் ஸ்பிரிங்கும் இருக்கும் பகுதியை நான் தொடவில்லை. கும்பகோணத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பன் ‘கொடு, அரைமணி நேர வேலை’ என்றான். அவன் கைத்திறனில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5-ஆவது பிரிவில், துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும் என்கிறது. நட்புக்காக அவனை வழக்கில் மாட்டிவிடுவானேன்? திருச்சியில் பழுதுபார்ப்பும் சேர்த்து உரிமம் பெற்ற ஒரு பெரியவரிடம் போனேன். துப்பாக்கி காலியாக ஒரு பையில், உரிமம் சட்டைப்பையில். அவர் உரிமத்தைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, ரசீது கொடுத்த பிறகுதான் பக்கத் தகட்டைக் கழற்றினார்.

சுத்தி சுழலும் அச்சைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பாகு போல ஒன்று. ‘தம்பி, ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது. இந்தப் பிசினைத் தள்ளவே அதன் பலம் தீர்ந்துவிடுகிறது’ என்றார். கழுவி, நீர்த்த துப்பாக்கி எண்ணெயைச் சொட்டாக விட்டார். பிறகு சுத்தியை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுத்து ஒவ்வொரு அறையாகக் காதை வைத்துக் கேட்டார். சுத்தி நிலைகொள்வதற்கு முன்பே சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து அறைகள் சரி. ஒன்று மட்டும் கடைசி நொடியில் பூட்டியது. சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் சிறு நாக்கின் முனை தேய்ந்திருக்கிறதாம். அரம் போட்டுச் சரிசெய்யலாமே என்றேன். தேய்ந்ததை இன்னும் தேய்த்தால் நீளமா கூடும் என்று முறைத்தார். நியாயம்தான்.

தோல் உறையைத் தூக்கிப் போடச் சொன்னார். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் நம் பக்கத்து வீடுகளில் கேட்கவே வேண்டாம். குழலின் இடப்பக்கத் துருப்புள்ளிகள் உறையின் தையல் வரிசையிலேயே இருந்தன. இப்போது எண்ணெய்த் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

அடுத்த முறை பயிற்சித்தளத்தில் விடியற்காலைக் குளிரிலேயே விசையால் மட்டும் சுட்டுப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. புது நாக்குக்குப் பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது வரும்வரை அந்த ஆறாவது அறையில் தோட்டா போடுவதில்லை.