வீட்டைச் சுற்றி மண்டும் களையும் முதுகில் ஏறும் தெளிப்பானும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது, மதுரையின் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லாத அளவுக்குப் பச்சை மண்டிவிடும். சாரணையும் மூக்கிரட்டையும் தரையோடு படரும். குப்பைமேனியும் நாயுருவியும் சுவரோரம் நிமிரும். நடைபாதைக் கற்களின் இடுக்கில் அருகும் கோரையும் தலை நீட்டும். வேலிக்கு வெளியே பார்த்தீனியம் வெள்ளைப் பூவோடு நிற்கும். இவற்றில் பாதியை என் மாமியார் களையென்றே ஒத்துக்கொள்ள மாட்டார். மூக்கிரட்டையும் சாரணையும் அவருக்குக் கீரை, குப்பைமேனி மருந்து. ஆகவே, தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன்பு அவர் ஒரு கூடையோடு சுற்றி வருவது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம். மருந்தடித்த இடத்தில் பின்னர் கீரை பறிக்கக் கூடாது என்பதால், அந்தச் சட்டத்தில் நியாயமும் இருக்கிறது.

கடையில் வாங்கும் களைக்கொல்லியை நான் தவிர்ப்பதற்குக் காரணம் எளிமையானது. அவற்றில் பரவலாக இருக்கும் கிளைபோசேட் என்ற ரசாயனத்தை அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில், ‘2ஏ’ பிரிவில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சேர்த்தது. வேறு சில நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் நம் நாட்டிலேயே, பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழிலில் உரிமம் பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. கோழியும் குழந்தைகளும் நாள் முழுவதும் புரளும் முற்றத்தில் அதைத் தெளிக்க எனக்கு மனமில்லை. அதனால் வீட்டிலேயே கலக்கும் களைக்கொல்லிகளின் பக்கம் திரும்பினேன். ஆனால், வீட்டில் கலந்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது என்பதை அந்தச் செய்முறைகளைச் சற்று உற்றுப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

கைப்பேசிகளில் சுற்றிவரும் செய்முறைகளில் பெரும்பாலானவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை: கோமியம், கல்லுப்பு, சுண்ணாம்பு, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் வேப்பெண்ணெய். சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம். இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றினால் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளுமே தவிர, இரண்டின் வலிமையும் கூடாது. பழைய கோமியத்தில் சுண்ணாம்பைக் கலந்தால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா கிளம்பும். அந்த நெடியைத்தான் பலர் மருந்தின் வீரியம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். தண்ணீர் கலக்காத கோமியம் இலையைக் கருக்கும் என்பது உண்மையே. ஆனால் அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) மண்ணில் இறங்கி, அடுத்துத் துளிர்க்கும் களைக்கே உரமாகிவிடும். கணக்குப் பார்த்தால், அந்த வாளியில் உண்மையில் கொல்லும் வேலையைச் செய்வது உப்பு ஒன்றுதான். மற்றவை துணைக்கு வந்த கூட்டம்.

உப்புக்குத் தக்க இடமும் உண்டு. பயிரில்லாத இடங்களில் பார்த்தீனியத்தை அழிக்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் இரண்டு மில்லி சோப்புக் கரைசலும் கலந்து, செடி பூப்பதற்கு முன்பு, நல்ல வெயிலில் நனையத் தெளிக்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. “பயிரில்லாத இடங்களில்” என்ற நிபந்தனையைத்தான் செய்முறையைப் பகிர்பவர்கள் முதலில் விட்டுவிடுகிறார்கள். 16 லிட்டர் தெளிப்பானை அந்த விகிதத்தில் நிரப்பினால் மூன்று கிலோவுக்கு மேல் உப்பு மண்ணுக்குப் போகிறது. இலை கருகிய பிறகும் அந்த உப்பு எங்கும் ஆவியாகிப் போய்விடாது; களிமண்ணாக இருந்தால் அதிலுள்ள சோடியம் மண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, மழையில் சேறாகவும் வெயிலில் ஓடாகவும் ஆக்கிவிடும். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். ஆனால் முருங்கையின் வேரும் கறிவேப்பிலையின் வேரும் நாம் நினைப்பதைவிடத் தொலைவுக்கு ஓடுகின்றன. எனவே நான் உப்புக் கரைசலை வேலிக்கு வெளியே தெருவோரப் பார்த்தீனியத்துக்கும், சிமெண்டுத் தளத்தின் வெடிப்புகளுக்கும் மட்டுமே அடிக்கிறேன்; கிணற்றடிப் பக்கம் அதைக் கொண்டுபோவதே இல்லை. பார்த்தீனியம் தோலில் அரிப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கக்கூடிய செடி என்பதால், அதை நெருங்கும்போது முழுக்கைச் சட்டையும் கையுறையும் கட்டாயம்.

மண்ணைக் கெடுக்காத வகையில் வினிகர் மேல். ஆனால் மளிகைக்கடை வினிகரில் அசெட்டிக் அமிலம் நான்கு, ஐந்து சதவீதம்தான் இருக்கும். அதில் மேலும் தண்ணீர் கலந்து அடிப்பது, களைக்குச் சாறு தெளிப்பதற்குச் சமம். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் 2002 வாக்கில் நடந்த சோதனைகளில், 5 முதல் 10 சதவீத அமிலம் முளைத்து இரண்டு வாரத்துக்கு உட்பட்ட களைகளைக் கொன்றது. வளர்ந்த செடிகளுக்கு அதைவிட அடர்த்தி தேவைப்பட்டது. எங்கள் முற்றத்திலும் இதே கதைதான். இரண்டு, நான்கு இலைப் பருவத்தில் இருக்கும் சாரணை நாற்று, காலையில் அடித்தால் பிற்பகலுக்குள் வெந்த கீரையின் நிறத்துக்கு மாறித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். முழங்கால் உயரம் வந்த நாயுருவியோ இலை நுனி மட்டும் பழுப்பேறி, அடுத்த வாரம் மறுபடி துளிர்க்கும். இதற்காக ரசாயனக் கடையில் அடர் அசெட்டிக் அமிலம் வாங்கிக் கலக்குகிறார்கள் சிலர். கண்ணிலோ தோலிலோ பட்டால் புண்ணாக்கும் பொருளை முதுகில் சுமப்பது எனக்கு வேண்டாத துணிச்சலாகத் தோன்றுகிறது. வினிகரோடு பிளீச்சிங் பவுடரை எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது: குளோரின் வாயு கிளம்பும்.

கோரையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் இலை வழவழப்பாகவும் நிமிர்ந்தும் இருப்பதால் துளி நிற்பதில்லை; நின்று கருக்கினாலும் அடியில் சங்கிலி கோத்ததுபோல் கிழங்குகள் இருக்கின்றன. வினிகரும் உப்பும் பட்ட இடத்தை மட்டுமே சுடும், கிழங்குவரை இறங்காது. மழை விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது தோட்ட முள்கரண்டியால் ஆழக் குத்திக் கிழங்கோடு எடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குப் புலப்படவில்லை. எடுத்த கிழங்கைக் கழுவிக் காயவைத்துக் குளியல் பொடியில் சேர்த்துக்கொள்கிறார் மாமியார். அந்த வகையில் கோரை ஒன்றே செலவை ஈடுகட்டும் களை. கல் இடுக்கில் முளைக்கும் சிறு புல்லுக்கு, இட்லிப் பானையில் மிஞ்சும் கொதிநீரை அப்படியே ஊற்றுவது எந்தக் கரைசலுக்கும் குறைந்ததல்ல.

கரைசலைவிடத் தெளிப்பான்தான் பலன் தருகிறது என்று நான் நம்புகிறேன். 16 லிட்டர் கைத்தெளிப்பானை நிரம்ப ஊற்றினால் முதுகில் இருபது கிலோ ஏறும். வீட்டுத் தேவைக்குப் பாதி போதும். கடையில் அதனோடு வரும் கூம்பு நாசில், அதாவது கரைசலைக் கூம்பாக விரித்துப் பீய்ச்சும் முனை, பூச்சிமருந்துக்கானது. அதன் துளிகள் பொடியாக இருப்பதால் காற்றில் மிதந்துபோய் அவரைக் கொடியில் விழும். களைக்குத் தட்டை விசிறி நாசிலைத் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டு, நெம்புகோலை மெதுவாக அடித்து, அழுத்தத்தைக் குறைத்து வைத்தால் துளி கனமாக விழும். இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டியின் அடியை வெட்டிவிட்டு, அதன் கழுத்தில் நாசிலை நுழைத்துக் கட்டினால், செடிகளுக்கு நடுவிலுள்ள களைமேல் மட்டும் கவிழ்த்து அடிக்க அருமையான குடை கிடைக்கும்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினநீர். அதில் கட்டிச் சோப்பைக் கரைத்தால் தயிர்போலத் திரிந்து வடிகட்டியை அடைத்துவிடும். பாத்திரம் துலக்கும் திரவம் திரிவதில்லை. அதையும் எல்லாவற்றுக்கும் கடைசியில், லிட்டருக்குச் சில துளிகள் என்ற அளவில் விட்டு, குலுக்காமல் குச்சியால் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி முழுவதும் நுரையாகி, பம்பு காற்றைத்தான் இழுக்கும். உப்பை முந்தைய இரவே கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுவது நல்லது.

பனி உலர்ந்து, காற்று எழுவதற்கு முன்னர் கிடைக்கும் காலைப் பொழுதில் அடிக்கிறேன். அதன் பிறகு நாள் முழுக்கச் சுள்ளென்று வெயில் அடித்தால்தான் இலை காயும். அடித்த இடத்தின்மேல் நடக்காமல் பின்னோக்கி நகர்வதும், கண்ணாடி அணிவதும் பழக்கமாகிவிட்டன.

வேலை முடிந்ததும் மிச்சக் கரைசலைத் தொட்டியில் விட்டுவைக்கக் கூடாது. உப்பும் அமிலமும் பித்தளை நாசிலையும் எஃகு ஸ்பிரிங்கையும் அரித்துவிடும். மூன்று முறை நல்ல தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் குழாய் வழியாகவே வெளியே பீய்ச்சுவேன். அடைத்த நாசிலைக் குண்டூசியால் குத்தினால் துளை அகன்று தெளிப்பு ஒரு பக்கமாகச் சாயும்; பழைய பல்துலக்கியும் வெந்நீரும் போதும். பஞ்சகவ்யமும் வேப்பெண்ணெயும் அடிக்க வேறொரு தெளிப்பான் இருக்கிறது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், களைக்கானதன் முதுகில் சிவப்புப் பெயிண்டால் ‘களை’ என்று எழுதி, மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.