மூன்று பை ரத்தம்

ஆகஸ்ட் 4, 2025

வியாழக்கிழமை முதுகெலும்பு வளைவை நிமிர்த்தும் ஆபரேஷன். பையனுக்கு பாம்பே வகை ரத்தம். சாதாரணப் பரிசோதனையில் 'ஓ' என்றுதான் வந்தது. ஓ பைகளோடு கிராஸ்மேட்ச் செய்தால், அதாவது அவன் ரத்தத்தோடு கலந்து பொருந்துகிறதா என்று பார்த்தால், எல்லாமே கட்டிக்கொண்டன. 1952இல் பம்பாயில் டாக்டர் பெண்டே குழு கண்டுபிடித்த வகை. அதே வகைக்காரர் கொடுத்தால்தான் ஏற்றலாம். கிடைத்தது ஒரே யூனிட்.

ஆகஸ்ட் 5

கத்தி வைக்கும் முன் அவன் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, அந்த இடத்துக்கு சலைன் கொடுத்து, முடிவில் திரும்ப ஏற்றுவதாகத் திட்டம். எடை 60 கிலோ. கிலோவுக்கு 70 மி.லி. என்றால் உடம்பில் 4,200 மி.லி. ரத்தம். ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 45, அதை 35க்கு இறக்க 1,050 மி.லி. எடுக்கலாம். 350 மி.லி. பை மூன்று.

ஒரு லிட்டர் சிந்தினால் 450 மி.லி. சிவப்பணு போகும். நீர்த்த பிறகு சிந்தினால் 350தான். மிச்சமாவது 100 மி.லி., அவ்வளவே. ஜூனில் வெளியான ஆய்வில், 2,010 இதய ஆபரேஷன்களில் இப்படிச் செய்தவர்களில் 27.3 சதவீதம் பேருக்கும், செய்யாதவர்களில் 29.2 சதவீதம் பேருக்கும் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. பெரிய வித்தியாசமில்லை. எல்லோருக்கும் இதைச் செய்ய நான் சொல்லமாட்டேன். கடையில் கிடைக்காத ரத்தம் உள்ளவனுக்கு அந்த 100 மி.லி. பெரிது.

ஆகஸ்ட் 6

அம்மா கேட்டார்: "ரத்தத்துல தண்ணி கலக்கப் போறீங்களாமே டாக்டர்?"

"அவன் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து பக்கத்துல வெச்சுக்கிறோம்மா. அந்த இடத்துக்கு சலைன் போகும். முடியுறப்ப அவனுக்கே திரும்ப ஏத்திடுவோம்."

"வேற யாருக்கும் மாறிப் போயிடாதே?"

நல்ல கேள்வி. பை தியேட்டரை விட்டு வெளியே போகாது என்றேன்.

ஆகஸ்ட் 7

மயக்கம் கொடுத்து, கத்தி வைக்கும் முன்பே எடுத்தோம். பை டேபிளுக்குக் கீழே தராசில். உறையாமலிருக்க ஜூனியர் கையால் மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தாள். பையனின் மறு கையில் ரிங்கர் லாக்டேட் சலைன் ஏறியது. பெயர், நேரம், வரிசை எண் எழுதி அறையிலேயே வைத்தோம். ஃப்ரிட்ஜில் வைத்தால் பிளேட்லெட் வீணாகும். வெளியே எட்டு மணி நேரம் தாங்கும்.

சக்‌ஷன் பாட்டிலில் விழுந்த ரத்தம் வெளிறித் தெரிந்தது. கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட், சிந்திய ரத்தத்தைக் கழுவித் திருப்பித் தரும் செல் சேவர் இரண்டும் கூடவே ஓடின. ஹீமோகுளோபின் 8.1 வரை இறங்கியது. பெரிய கசிவு நின்றதும் மூன்றாவது பையை முதலில் ஏற்றினோம். முதல் பை கடைசியில். நீர்க்காத கெட்டி ரத்தம் அதில்தான், உறையவைக்கும் சத்தும் அதில்தான் அதிகம்.

ஆகஸ்ட் 9

ஹீமோகுளோபின் 9.8. கொடையாளர் யூனிட்டைத் தொடவில்லை. வேறு ஊரில் ஒரு பிரசவத்துக்கு வேண்டுமென்று பிளட் பேங்க்கில் கேட்டார்கள். அனுப்பச் சொல்லிவிட்டேன். பையனை நாளை நடக்கவைக்கிறார்கள்.