ஐம்பத்து நான்கு ஏன் நாற்பத்தைந்து ஆனது?

ஜெர்மனிக்கு வந்து மூன்றாம் வகுப்பில் சேர்ந்த சில வாரங்களில், என் மகள் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். ஆசிரியை சொல்லச் சொல்லக் கேட்டு எழுதிய பத்து எண்களில் ஏழு தவறு. மனக்கணக்கில் என்னையே முந்துகிறவளுக்கு எண் எழுத வரவில்லையா என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உற்றுப் பார்த்தபோது 54 இருக்க வேண்டிய இடத்தில் 45, 37 இருக்க வேண்டிய இடத்தில் 73. சரியாக இருந்த மூன்று எண்கள் 20, 60, 88.

அந்த 88தான் குட்டை உடைத்தது. ஜெர்மன் மொழியில் ஐம்பத்து நான்கை ‘நான்கும் ஐம்பதும்’ என்றுதான் சொல்வார்கள். காதில் முதலில் விழுந்ததை அவள் முதலில் எழுதியிருக்கிறாள். முழு எண்ணையும் கேட்டு முடிக்கும்வரை பென்சிலைத் தொடாதே என்று ஆசிரியை ஒரு வழி சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் நிற்கும் கார்களின் எண்களைச் சொல்லிச் சொல்லிப் பழகினோம். ஒன்றரை மாதத்தில் சரியாகிவிட்டது.

நானும் யோக்கியன் இல்லை. வீட்டுப்பாடத்தில் ஒரு மூட்டையின் எடை ‘2,500 கிலோ’ என்று இருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு என்று அடித்துச் சொன்னேன். அங்கே தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. மூட்டை வெறும் இரண்டரைக் கிலோ. மதிப்பெண்ணும் அப்படித்தான்: 1 மிகச் சிறந்தது, 6 மிக மோசம். பேத்தி கணக்கில் 2 வாங்கினாள் என்றதும் தாத்தா தொலைபேசியில் சற்று நேரம் பேசவே இல்லை. ஆகவே, புதிய நாட்டில் பிள்ளையின் விடை தவறாக இருந்தால், அவளுக்குப் பாடம் தெரியவில்லையா, பாடம் எழுதப்பட்ட விதம் புரியவில்லையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். டியூஷன் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

கணக்கைவிட எங்களை வாட்டியது மௌனம். ஏறக்குறைய நான்கு மாதம் அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. வீட்டிலோ வழக்கம்போல் ஓயாத பேச்சு. இரண்டாம் மொழிக்குள் நுழையும் பிள்ளைகளில் பலர் இப்படி ஒரு மௌன காலத்தைக் கடக்கிறார்கள். கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வீட்டிலும் பேச்சு நின்றுபோனால், தூக்கமும் விளையாட்டும் குறைந்தால், பல மாதமாகியும் பள்ளியில் ஒரு சொல்கூட வராவிட்டால், அப்போது காத்திருக்கக் கூடாது. ஆசிரியரையும் மருத்துவரையும் பார்க்க வேண்டும். ‘இன்று பேசினாயா?’ என்று வாசலிலேயே நான் கேட்டுக்கொண்டிருந்தது பெரும் பிழை. ‘இடைவேளையில் யார் பக்கத்தில் நின்றாய்?’ என்று மாற்றிக் கேட்டதும் கதைகள் வர ஆரம்பித்தன.

முதல் நாளுக்கு முன் மூன்று வாக்கியங்களைச் சொல்லிக்கொடுத்திருந்தோம். கழிப்பறைக்குப் போக வேண்டும், எனக்குப் புரியவில்லை, நானும் விளையாட வரலாமா. முதல் இரண்டும் அவசியம்தான். ஆனால் ‘டார்ஃப் இஷ் மிட்ஷ்பீலன்?’ என்ற மூன்றாவதுதான் அவளுக்கு ஒரு தோழியைக் கொடுத்தது. அவள் பள்ளியில் பேசிய முதல் வாக்கியமும் அதுதான், ஐந்தாம் மாதத்தில்.

அதன்பின் பேச்சு மடை திறந்தது. இங்கேதான் பெற்றோர் ஏமாந்துவிடுகிறோம். விளையாட்டுத் திடலின் மொழியும் பாடப்புத்தகத்தின் மொழியும் ஒன்றல்ல என்று கனடாவின் கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே வகைப்படுத்தினார். உரையாடும் திறன் இரண்டு ஆண்டுக்குள் வந்துவிடலாம். பாட மொழியில் உடன்படிக்கும் பிள்ளைகளை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகலாம் என்பது அவர் கணிப்பு. என் மகள் சண்டைகூடச் சரளமாகப் போட்டாள்; அறிவியல் பாடத்தில் ‘ஆவியாதல்’ என்ற இடத்தில் திணறினாள். கூடுதல் மொழி வகுப்பை நிறுத்திவிடலாமா என்று பள்ளியில் கேட்டார்கள். இன்னும் ஓராண்டு வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தோம்.

வீட்டிலும் ஜெர்மனிலேயே பேசுங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் அறிவுறுத்தினார். எங்கள் அரைகுறை ஜெர்மனைக் கேட்டு அவள் என்ன கற்றுவிடப் போகிறாள்? ஆவியாதலைத் தமிழில் விளக்கினேன். கருத்து உள்ளே இறங்கிவிட்டது. அதற்கு ஜெர்மன் பெயரை அவளே ஒட்டிக்கொண்டாள். வாய்ப்பாட்டை இன்றும் தமிழில்தான் முணுமுணுக்கிறாள்.