எந்த ஆண்டு டிராஃப்ட், எந்த ஆண்டு புதுமுகம்?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஆண்டு வேறு, வீரர் முதன்முதலாகக் களமிறங்கும் புதுமுக ஆண்டு வேறு. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே வந்துவிடுவதால் யாரும் கண்டுகொள்வதில்லை. தள்ளிப்போனால்தான் சண்டை.

பென் சிம்மன்ஸை 2016 டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்தது ஃபிலடெல்ஃபியா. பயிற்சி முகாமிலேயே பாத எலும்பு முறிந்து, அந்த சீசன் முழுக்க ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. களத்தில் இறங்காததால் 2017-18தான் அவருக்குப் புதுமுக ஆண்டு. சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே. 2017 டிராஃப்டில் வந்த யூட்டாவின் டோனவன் மிட்செலுக்கு இது பொறுக்கவில்லை. 'ரூக்கி' (புதுமுகம்) என்றால் என்ன என்ற அகராதி விளக்கத்தையே நெஞ்சில் அச்சடித்த ஹூடியைப் போட்டுக்கொண்டு ஆட்டத்துக்கு வந்தார். செம குசும்பு!

சரி, மிட்செல் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு வருடம் என்பிஏ அணியோடு சுற்றி, பயிற்சியாளர்களிடம் பாடம் கேட்டவரும், நேற்றுவரை கல்லூரியில் ஆடியவரும் ஒன்றா? ஆனாலும் என் ஓட்டு விதிக்குத்தான். டேவிட் ராபின்சனை சான் அன்டோனியோ எடுத்தது 1987இல். கடற்படைப் பணியை முடித்துவிட்டு அவர் ஆட வந்தது 1989இல். கடற்படைத் தளத்தில் எங்கே கூடைப்பந்துப் பாடம் கேட்பது?

இதில் ஜோயல் எம்பீட் கதை இன்னும் வேடிக்கை. 2014இல் எடுக்கப்பட்டு, காயத்தால் இரண்டு சீசன் போய், 2016-17இல்தான் புதுமுகம் ஆனார். 31 ஆட்டத்தோடு மறுபடி காயம். விருதைத் தட்டிக்கொண்டு போனவர் மால்கம் பிராக்டன், 2016 டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் 36ஆவதாக எடுக்கப்பட்டவர்.