பழைய கார் வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் இன்ஜினைப் பாருங்கள்

பழைய கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னாலே போதும், ஆளாளுக்கு ஒரு பிராண்டைச் சொல்வார்கள். டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு, ஐரோப்பியக் கார் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. அதில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் அது பாதி உண்மைதான்.

டொயோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007 முதல் 2009 வரை வந்த கேம்ரியின் 2.4 லிட்டர் இன்ஜின் ஆயில் குடிக்கும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்களில் (பிஸ்டன் ரிங்) பிரச்சினை. ஹூண்டாயின் 2011, 2012 சொனாட்டாவில் இன்ஜினுக்குள்ளேயே உலோகத் துகள் தங்கி பேரிங் போய்விடும் என்று 2015இல் ரீகால் செய்தார்கள், அதாவது விற்ற வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தார்கள். ஃபோர்டு ஃபோகஸ் இன்னும் நல்ல உதாரணம்: 2012க்குப் பிறகு வந்த அதன் டிரை கிளட்ச் (ஆயிலில் மூழ்காமல் இயங்கும் கிளட்ச்) ஆட்டோமேட்டிக் பல பேரைப் படுத்தி எடுத்தது, அதே காரை மேனுவல் கியரில் வாங்கியவர்களுக்கு அந்தத் தலைவலியே இல்லை. ஆக, எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்த வருடம் என்று கேட்காமல் பிராண்டை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை.

செலவு என்பது வேறு கணக்கு. ஒரு பாகம் எத்தனை முறை கெடுகிறது என்பதைவிட, அதை எட்டிப் பிடிக்க எவ்வளவு கழற்ற வேண்டும் என்பதுதான் பில்லை ஏற்றுகிறது. பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜினில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரம் இருக்கிறது. முன்பக்கம் செயின் உள்ள இன்ஜினில் அங்கேயே பிரித்து முடிக்கிற வேலைக்கு, இதில் பெரும்பாலும் இன்ஜினையே வெளியே இறக்க வேண்டியிருக்கும்.

நான் முன்பு வாங்கிய ஒரு ஆட்டோமேட்டிக் கார், நல்ல பெயருள்ள பிராண்ட்தான், எட்டு மாதத்தில் கியர் மாறும்போது உதற ஆரம்பித்தது. மெக்கானிக் கியர் ஆயிலில் இரண்டு சொட்டு வெள்ளைத் தாளில் விட்டுக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது கறுப்பாக, கருகிய வாடையோடு இருந்தது. முந்தைய உரிமையாளர் இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றியிருக்கிறார், கியர் ஆயிலைத் தொடவே இல்லை. அந்த ஒரு ரிப்பேர் மட்டும் அதுவரை காருக்குச் செய்த மொத்தச் செலவையும் தாண்டிவிட்டது.

அதனால் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது சர்வீஸ் பில்களைத்தான். செயினுக்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் டைமிங் பெல்ட் உள்ள கார் என்றால் அதை எத்தனை கிலோமீட்டரில் மாற்றினார்கள் என்று பில்லிலேயே பார்க்க வேண்டும், பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து இன்ஜினே காலி. அப்புறம் ஆயில் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே தார் மாதிரி கறுப்பாகப் படிந்திருந்தால் சரியாக ஆயில் மாற்றாத வண்டி.

இன்னொன்று, நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் குளிர்ந்த இன்ஜினில் முதல் சில நொடிதான் கடகடவென்று சத்தம் கேட்கும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.