மாதா குளத்துக்குப் போகுமுன் பக்கத்து வீட்டுக்கு: வேளாங்கண்ணி நடைப்பயணம் போகிறவர்களுக்கு

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வந்துவிட்டால் வேளாங்கண்ணிக்குப் போகும் சாலைகளெல்லாம் காவி நிறமாகிவிடும். 29-ஆம் தேதி மாலை கொடியேற்றம், செப்டம்பர் 7 இரவு பெரிய தேர், 8-ஆம் தேதி மரியாவின் பிறப்புப் பெருவிழா. தஞ்சாவூரிலிருந்து ஏறக்குறைய 90 கி.மீ., மூன்று நான்கு நாள் நடை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக 300 கி.மீ.க்கு மேல், சுமாராகப் பத்து நாள். தண்ணீர் வண்டி, சப்பரம், இரவில் மினுங்கும் ஸ்டிக்கர், கஞ்சிக்கு அரிசி என்று ஒவ்வொரு பங்கிலும் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள சபையிலும்) ஜூலையிலேயே பட்டியல் போட்டுவிடுகிறார்கள். பட்டியலில் விட்டுப்போவது ஒன்றுதான்: யாரோடு யார் பேசுவதில்லை என்பது.

விவிலியத்தில் மத்தேயு 5:23-24 எல்லோருக்கும் தெரிந்த வசனம். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்கிறது. இதில் இரண்டு விஷயங்களைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று, மனத்தாங்கல் யாருக்கு? ‘உன் சகோதரருக்கு உன்மேல்’ என்றுதான் இருக்கிறது; உனக்கு அவர்மேல் என்று இல்லை. அதாவது, இங்கே முதலில் கிளம்பவேண்டியவர் கோபப்பட்டவர் அல்ல, கோபத்துக்குக் காரணமானவர். இன்னொன்று தூரம். இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்தது எருசலேமில். நடுவில் 100 கி.மீ.க்கும் மேல், மூன்று நான்கு நாள் நடை. ஆட்டையோ புறாவையோ பீடத்தின்முன் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, சமாதானம் பேசி, மறுபடி வா என்றால் ஒரு வாரம் போய்விடும். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயர்களுக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்திருக்கும். நடைப்பயணம் போகிற நமக்கும் புரியவேண்டும். திரும்பிவந்து மறுபடி நடக்க முடியாது என்றால், போகுமுன்பே முடித்துவிட்டுக் கிளம்புவதுதான் வழி.

எப்போது தொடங்குவது? மூன்று வாரம் முன்பே. மாலை போட்டு ஒருசந்தி நோன்பு தொடங்கும் நாளில் இதையும் தொடங்கினால் சரியாக இருக்கும். கடைசி நாள் மாலை தெருவில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போவார்களே, ‘நாளைக்கு மாதா கோயிலுக்குக் கிளம்புறோம், மனசுல எதுவும் வச்சுக்காதீங்க’ என்று, அதைச் சமாதானம் என்று எண்ணிவிடக்கூடாது. அதற்கு ஒரே பதில்தான் உண்டு: ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லபடியா போயிட்டு வாங்க.’ விடைபெறுவதற்கு அது அழகான வழக்கம். மனத்தாங்கல் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கும்.

பங்குக்குள் பகை எதில் வருகிறது என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம். தலைக்கட்டு வரி பாக்கியை எல்லோர் முன்னாலும் படித்தது. திருவிழாவில் கொடியை யார் தூக்குவது. பாடகர் குழுவில் தனிப்பாடலை வேறொருவருக்குக் கொடுத்தது. அன்பியத்தில் (பங்குக்குள் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக்குழுவில்) கைமாற்றாக வாங்கிய பணம். கல்லறைத் தோட்டத்தில் இடம். பங்குப் பேரவைத் தேர்தல். வெளியாளுக்குச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் இதே காரணங்களுக்காகப் பத்து வருடமாகப் பூசைக்கு வராத குடும்பங்கள் உண்டு.

போகும் முறையை மத்தேயு 18:15-17 படிப்படியாகச் சொல்கிறது. அங்கே தவறு செய்தவரை நாடிப் போவதற்குச் சொன்னது. மன்னிப்புக் கேட்கப் போவதற்கும் அதே வரிசைதான் பொருந்துகிறது. முதலில் நீயும் அவரும் தனியாக. சரிவராவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. அதுவும் முடியாவிட்டால்தான் திருச்சபையிடம். நம் ஊர்களில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதல் வேலையாகச் சாமியிடம், அதாவது பங்குத்தந்தையிடம், சொல்வார்கள், சாமி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் குத்துவார், கோயில் முழுக்க யாரென்று தெரிந்துவிடும், அதோடு கதவு சாத்தியாயிற்று. பங்குத்தந்தையே ஒரு தரப்பு என்றால் பக்கத்துப் பங்குகள் பலவற்றுக்கும் பொறுப்பான மறைவட்ட முதன்மைக் குருவிடம் போகலாம், அதுவும் கடைசிப் படியாகத்தான்.

தனியாகப் போவது என்றால் உண்மையிலேயே தனியாக. வாட்ஸ்அப்பில் அனுப்புவது இதில் சேராது. ஸ்டேட்டஸ் போடுவது கெடுதல். சாப்பாட்டு நேரத்தில் போகவேண்டாம், உட்காரச் சொல்லவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வந்துவிடும். வாசலில் நின்றே சொல்லலாம், ஐந்து நிமிடம் போதும்.

சொல்லும் வாக்கியத்தில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். ‘நான் ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுக்கோங்கண்ணே.’ இதில் அந்த ‘இருந்தா’ இருக்கிறதே, அது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். தப்பு நடந்ததா இல்லையா என்பதே சந்தேகம் என்றல்லவா ஆகிறது? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘அண்ணே, போன திருவிழாக் கணக்குல உங்க பேரைக் கூட்டத்துல வச்சுச் சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னோடதுதான், மன்னிச்சிருங்க.’ அதோடு நிறுத்திவிடவேண்டும். அடுத்த வார்த்தை ‘ஆனா’ என்று வந்தால் முன்னால் சொன்ன மூன்றும் வீண். பணச் சிக்கல் என்றால் பணத்தோடு போகவேண்டும். முழுசாக இல்லையென்றால் இருப்பதைக் கொடுத்து, மீதிக்கு ஒரு தேதி சொல்லவேண்டும். கடனை வைத்துக்கொண்டு மாதாவுக்கு நேர்த்தியாக வெள்ளியில் கை, கால் போன்ற உறுப்பு உருவம் வாங்கிப் போடுவது காணிக்கைக் கணக்கில் சேராது என்பது எங்கள் அபிப்பிராயம்.

அவர் கதவைத் திறக்கவில்லை, அல்லது திட்டி அனுப்பிவிட்டார். என்ன செய்வது? உரோமையர் 12:18 ‘இயன்றால், உங்களால் முடிந்த மட்டும்’ என்றுதான் தொடங்குகிறது. உங்கள் பங்கு முடிந்தது, கிளம்பலாம். ஒன்று மட்டும்: போய் வந்ததை அன்பியத்தில் சொல்லிக் காட்டக்கூடாது. ‘நான் இறங்கிப் போனேன், அவர்தான் மதிக்கலை’ என்று ஊர் முழுக்கச் சொன்னால் பழைய பகைக்கு மேல் புதிய பகை சேரும்.

இன்னொரு பக்கத்தையும் பேசியாகவேண்டும். ‘பொறுத்துப் போம்மா’ என்ற அறிவுரை பெரும்பாலும் அடிவாங்குகிறவருக்கே கிடைக்கிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம், சாதி சொல்லிக் கல்லறையில் தள்ளி வைப்பவர்களிடம், நிலத்தைப் பிடுங்கியவர்களிடம் பொறுத்துப் போ என்பது மன்னிப்பைப் பற்றிய போதனை ஆகாது. வலுத்தவனுக்கு வசதி செய்துகொடுப்பது அது. 1981 மே 13 அன்று தம்மைச் சுட்ட அலி அக்ஜாவைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நான்கே நாளில் மன்னித்துவிட்டதாக அறிவித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அதற்குப் பிறகும் அக்ஜா 2000-ஆம் ஆண்டுவரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். மன்னிப்பதும் புகார் கொடுப்பதும் ஒன்றையொன்று அடிப்பதில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பெண் பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது) அதைப் பாவமென்று சொல்லவேண்டியதும் இல்லை.

இனி நடை. முதல் நாள் 20 கி.மீ., அடுத்த நாட்களில் 25 முதல் 30. அதிகாலை மூன்று மூன்றரைக்குக் கிளம்பி, தார் கொதிக்குமுன் பத்து மணிக்குள் ஒதுங்கி, மாலை நான்குக்குப் பிறகு மீண்டும் நடந்து, எட்டரைக்குள் தங்கிவிடுவது நல்லது. எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரம். செருப்பு பழகியதாக இருக்கவேண்டும். புதுச் செருப்போடு வருகிறவருக்கு இரண்டாம் நாளே கொப்புளம். கொப்புளத்தைக் குத்தாமல் சுத்தமான துணி சுற்றி நடக்கலாம்.

மூன்றாம் நாள்தான் குழுவுக்குச் சோதனை. கால் வலி, தூக்கமின்மை, வயிறு சரியில்லை, எல்லாம் சேர்ந்து வரும். சண்டை பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்கும்: வேகமாக நடக்கிறவர்கள் முன்னே போய்ச் சாப்பிட்டு, நிழலில் நல்ல இடம் பிடித்துப் படுத்துவிடுவார்கள், வயதானவர்கள் வந்து சேரும்போது சாம்பார் அடிமண்டியாக இருக்கும். இதற்கு மருந்து எளிது. சப்பரத்துக்கு அடுத்தபடி மெதுவாக நடக்கிறவர்கள், அவர்களுக்குப் பின்னால்தான் இளைஞர்கள். கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் பரிமாறல். கிளம்புமுன்பே இதை எல்லோரிடமும் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடவேண்டும், சாலையில் வைத்துச் சட்டம் போட்டால் எடுபடாது.

இரவுச் செபத்துக்குப் பிறகு வாசிக்க ஏற்ற பகுதி மத்தேயு 18:23-35, தன் கடன் தள்ளுபடியாகியும் உடன்பணியாளனை மன்னிக்காத பணியாளன் உவமை. ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து 6,000 தெனாரியம். பணியாளன் அரசனுக்குப் பட்ட கடன் 10,000 தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி. தினமும் உழைத்தாலும் 1,64,000 வருடம் ஆகும். அது தள்ளுபடியாயிற்று. உடன்பணியாளன் அவனுக்குத் தரவேண்டியது 100 தெனாரியம். பிரசங்கங்களில் இதை ‘அற்பத் தொகை’ என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை. நூறு நாள் கூலி என்பது ஓர் ஏழைக் குடும்பத்தின் மூன்று மாதச் சோறு. நம்மைக் காயப்படுத்தியது சின்ன விஷயம் என்று இயேசு சொல்லவே இல்லை. பெரிய தொகைதான், ஆனாலும் விடு என்கிறார். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘சின்ன விஷயத்துக்குப் போயி’ என்று ஆறுதல் சொன்னால் காயம்பட்டவர் எழுந்து போய்விடுவார்.

செபமாலை சொல்லி நடக்கும்போது கர்த்தர் கற்பித்த செபம் ஒரு மணி நேரத்துக்குள் பல தடவை வாயில் வரும். ‘எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல.’ தமிழில் பொறுத்தல் என்றால் மன்னிப்பதும்தான், சுமப்பதும்தான். சப்பரத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும்.

பாவசங்கீர்த்தனத்தைச் சொந்தப் பங்கிலேயே முடித்துவிட்டு வருவது உத்தமம். திருவிழாவுக்கு முந்திய நவநாட்களில் வேளாங்கண்ணியில் வரிசை நீளும். பின்னால் நிற்கிறவர் இருமினாலே வார்த்தை மறந்துபோகும். அங்கேதான் செய்யவேண்டும் என்று நேர்ந்திருந்தால் 7, 8 தேதிகளைத் தவிர்த்து, விடிகாலையில் போகலாம். ஞானோபதேச வகுப்பில், அதாவது மறைக்கல்வியில், படித்த ஐந்தும் அப்படியே: பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் சொல்வது, அவர் கொடுக்கும் அபராதத்தை (பரிகாரச் செபம், செயல்) தீர்ப்பது. நடைமுறையில் கெடுவது நான்காவதில். மருமகள் மாமியாரின் பாவத்தைச் சொல்வார், மாமியார் மருமகளின் பாவத்தைச் சொல்வார். சொந்தப் பாவம், எந்த வகை, ஏறக்குறைய எத்தனை முறை, இவ்வளவே போதும். ‘அவரை என்னால மன்னிக்க முடியலை சாமி’ என்றால் அதையே சொல்லலாம். மன்னிக்க விருப்பம் இருக்கிறதா, அந்த விருப்பமாவது வரவேண்டும் என்ற ஆசை இருக்கிறதா என்று குரு கேட்பார். அங்கிருந்து தொடங்கலாம். சொன்னது வெளியே போகுமோ என்ற பயம் வேண்டாம். திருச்சபைச் சட்டம் 983 அந்த இரகசியத்தைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் மீறவிடாது. பாவமன்னிப்புக் கிடைத்தாலும் திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை அப்படியே நிற்கிறது.

1962-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட பெரிய கோயிலில் மாதாவைப் பார்த்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மணற்பாதையில் முழங்காலிட்டு மாதா குளம் வரை போகிறவர்கள் உண்டு. முழங்காலில் போக நேர்ந்தவர்கள் காலையிலோ சாயங்காலமோ போகட்டும், நண்பகல் மணல் தோலை உரித்துவிடும். குளத்தங்கரையில் சொல்லப்படும் பால்காரச் சிறுவனின் மரபுக் கதை தெரிந்ததுதான்: அம்மா ஒருத்தி குழந்தைக்குப் பால் கேட்டாள், கொடுத்தான், எஜமானர் வீட்டில் பானை பொங்கி வழிந்தது. பொங்கியதைத்தான் எல்லோரும் படம் போடுகிறார்கள். அதற்கு முந்திய நொடியைப் பாருங்கள். பானை நிறைந்திருப்பது அவனுக்குத் தெரியாது. நேரமாகிவிட்டது, பாலும் குறைந்துவிட்டது என்று நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அதற்குப் பிறகுதான் மூடியைத் திறக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் எண்ணெய்ப் பாட்டில், செபமாலை, பொரி எல்லாம் தெருவில் பங்கு போடும்போது, பேசாமல் இருந்த அந்த வீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். வாங்காவிட்டால் வற்புறுத்தவேண்டாம். ஞாயிறு பூசையில் சமாதானம் பகிரச் சொல்லும்போது முன்வரிசையைத் தாண்டிப் போய்க் கை கூப்பி அவரைச் சங்கடப்படுத்தவும் வேண்டாம். கண் பட்டால் தலையசைத்தால் போதும்.

பயணக் கணக்கைப் பதினைந்து நாளுக்குள் கோயில் பலகையில் ஒட்டிவிடுங்கள். எத்தனை பேர், தலைக்கு எவ்வளவு வசூல், வண்டி வாடகை, டீசல், அரிசி, காய்கறி, மருந்து, மீதி எவ்வளவு, அது யார் கையில் இருக்கிறது என்று ரசீது எண்ணோடு எழுதி, குழுத் தலைவரும் இன்னொருவரும் கையெழுத்துப் போடவேண்டும். அடுத்த வருட மனத்தாங்கல் பெரும்பாலும் இந்தத் தாளில் விட்டுப்போன ஒரு வரியிலிருந்துதான் முளைக்கிறது.