காசிமேட்டில் ஒரு கைநாட்டுச் சிக்கல்

முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்னை காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களிடம், வீட்டில் வாங்கும் அடி உதை பற்றிப் பேச வேண்டியிருந்தது. ஆய்வில் பேசுகிறவர்களுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். பேசச் சம்மதம் என்று அந்தப் பெண்கள் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவம்தான் இருப்பதிலேயே சுலபமான வேலை என்று நினைத்தேன். இரண்டு தடவை திரும்பி வந்தது அதுதான்.

முதல் தடவை மொழிக் கோளாறு. குழுவில் துறை சாராத ஒருவர் இருந்தே ஆக வேண்டும், அவர்தான் பிடித்தார். "இதை உங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க, புரியுதான்னு பாருங்க" என்றார். காட்டினேன். புரியவில்லை. 'பங்கேற்பிலிருந்து விலகும் உரிமை' என்பதை 'நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்திக்கொள்ளலாம்' என்று மாற்றினேன்.

அடுத்தது கைநாட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், பக்கத்தில் ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டில் நாத்தனார். சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது? போதாததற்குப் படிவத்தின் நகலை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு வர வேண்டும். அது புருஷன் கையில் கிடைத்தால்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலில், குழு சம்மதித்தால் வாய்மொழி ஒப்புதலுக்கு இடம் உண்டு. அதைக் கேட்டு எழுதினேன். குழுவிலிருந்த வக்கீல் குடைந்து எடுத்துவிட்டார். கடைசியில் பெயருக்குப் பதில் ஒரு சங்கேத எண், தேதி, என் கையெழுத்து மட்டும் போதும் என்றார்கள். ஒரு வீட்டில் ஒரே பெண்ணிடம்தான் பேச வேண்டும், வெளியே 'உடல்நல ஆய்வு' என்றுதான் சொல்ல வேண்டும், அவளிடம் மட்டும் தனியாக முழு விஷயத்தையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2001-இல் சொன்ன முறைதான் இது.

குழுவில் யாருமே கேட்காத ஒன்றை மீன் விற்கும் ஓர் அக்கா சொன்னார். மே மாதம் வரப்போகிறேன் என்றதும், "தடைக்காலத்துல வராத கண்ணு. ஆம்பளைங்க வூட்லதான் குந்தினு இருப்பாங்க" என்றார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பெண்களுக்கு வேலை குறைவு என்று கணக்குப் போட்டு நான்தான் அந்த மாதத்தைப் பிடித்திருந்தேன்! தேதியை மாற்ற மறுபடியும் குழுவுக்குக் கடிதம்.

ஜூலையில் முதல் பேட்டி. ஆள் வந்தால் மீன் விலைக்குத் தாவிவிடலாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். பத்தே நிமிடத்தில் மாமியார் வந்துவிட்டார். "வஞ்சிரம் என்னா விலைக்குப் போச்சுக்கா?" என்றேன். மருமகள் சொன்ன விலை தப்பு என்று மாமியார் திருத்தினார், அப்படியே உட்கார்ந்தும் விட்டார். அரை மணி நேரம் ஏலக் கதை கேட்டுவிட்டு, அரை கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.